கம்பி வைத்த காலுக்குப் பயிற்சி: வலியைக் கூட்டிவிடும் தவறுகள்

கால் எலும்பு முறிந்து, பிளேட்டோ ராடோ வைத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பெரும்பாலும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவார். “ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாது.” “பயிற்சியை விடாமல் செய்யணும்.” பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியிலிருந்து வாடகைக் கார் ஊர் வந்து சேர்வதற்குள் முதலாவது “காலை அசைக்கக் கூடாது” என்று மாறிப்போகிறது. இரண்டாவது மறந்தே போகிறது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு, “ஏ மக்கா, கம்பி வெலகிரும், ஆடாம அசையாமக் கெட” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றரை மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு கூடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் முழங்கால் மடங்காது, பாதம் மேலே வராது, தொடை வற்றியிருக்கும். அசைத்தால் உயிர் போகிற வலி.

அசைப்பது வேறு, ஊன்றுவது வேறு. ஊன்றும்போது உடல் எடை முறிந்த இடத்தின் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. படுத்தபடி முழங்காலை மெல்ல மடக்கும்போது அந்த எடை கிடையாது. தசையும் மூட்டும்தான் வேலை செய்கின்றன. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்காமல் மூட்டுகளைச் சீக்கிரம் அசைக்க முடியவேண்டும் என்பதற்காகத்தான் ஆபரேஷன் செய்து எலும்பை உலோகத்தால் பிடித்து வைக்கிறார்கள். பிளேட்டையும் வைத்துக்கொண்டு காலையும் அசைக்காமல் கிடந்தால் ஆபரேஷனின் பலனில் பாதி போய்விடும்.

கீழே சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறவை. அசைக்க வேண்டிய மாதத்தில் அசைக்காமல் கிடப்பது. ஊன்றக் கூடாத வாரத்தில், “வலி இல்லையே” என்று ஊன்றிவிடுவது.

முழங்காலுக்கு அடியில் தலையணை

மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு இதுதான். வீட்டில் பாசத்தோடு செய்வதும் இதைத்தான். ஆபரேஷன் ஆன காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். இதமாகத்தான் இருக்கும், ஏனென்றால் லேசாக மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு. ஆனால் இரவும் பகலும் அப்படியே கிடந்தால் முழங்காலின் பின்பக்கத் தசையும் ஜவ்வும் அந்த அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். பிறகு காலை முழுக்க நீட்ட முடியாது. நீட்ட முடியாத முழங்காலோடு நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை இறுகியபடியே உழைக்க வேண்டும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி வரும், இடுப்பு சாயும், முதுகும் சேர்ந்து வலிக்கும். மடங்காத முழங்காலைவிட நீட்ட முடியாத முழங்கால்தான் நடையை அதிகம் கெடுக்கிறது.

காலை உயர்த்தி வைக்க வேண்டியது அவசியம்தான், முக்கியமாக முதல் இரண்டு வாரம். தலையணையைத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை சரிவாக, இரண்டு மூன்று அடுக்கி, கால் முழுதும் தாங்கும்படி வையுங்கள். பாதம் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். குதிகால் தலையணையின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கட்டும். குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு உணர்ச்சி மரத்துப்போயிருந்தால் புண் பெரிதாகிற வரை தெரியவே தெரியாது.

காலை நீட்ட ஒரு பயிற்சி உண்டு. பழைய சாரத்தையோ (லுங்கி) துண்டையோ உருண்டையாகச் சுருட்டி, குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்கால் தன் பாட்டுக்குத் தாழ்ந்து இறங்கும்படி விடுங்கள். 5 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. பின்பக்கம் ‘இழுக்கிறது’ என்று தோன்ற வேண்டும், குத்தக் கூடாது. யாரும் மேலிருந்து முழங்காலை அழுத்தக் கூடாது. பேரன் பேத்திகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பாதம் தொங்கிப்போவது

முழங்காலைக் கவனிக்கிறவர்கள்கூட கரண்டையை (கணுக்கால்) விட்டுவிடுகிறார்கள். படுத்திருக்கும்போது பாதம் இயல்பாகவே முன்பக்கம் சாய்ந்து தொங்கும். போர்வையின் கனமும் அதைக் கீழே தள்ளும். நான்கைந்து வாரம் அப்படியே விட்டால் குதிகால் நரம்பு என்று ஊரில் சொல்கிற பின்பக்கத் தசைநார் குட்டையாகிவிடும். எழுந்து நிற்கிற நாளில் குதிகால் தரையில் படாது.

முறிவு தொடையிலோ முழங்காலைச் சுற்றியோ இருந்தால், கண்விழித்த முதல் நாளிலிருந்தே பாதத்தை அசைக்கலாம். விரல்களை மூக்கை நோக்கி நன்றாக இழுங்கள், மூன்று எண்ணுங்கள். பிறகு கீழே தள்ளுங்கள், மூன்று எண்ணுங்கள். இப்படி 15 முதல் 20 தடவை, விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை. கடமைக்கு விரலை மட்டும் ஆட்டினால் பயன் இல்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிகிறபோதுதான் காலில் தேங்கிய இரத்தம் மேலே ஏறும். அந்தத் தசை அசையாமல் கிடந்தால் இரத்தம் நாளத்துக்குள்ளேயே உறையக்கூடும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் வீக்கத்துக்கும் அதனால் வரும் வலிக்கும் இதைவிட எளிய மருந்து கிடையாது.

கரண்டையிலேயே ஆபரேஷன் என்றால் எப்போது அசைக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்ல வேண்டும். அதுவரை விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்காலை அசைப்பது, தொடையை இறுக்கிவிடுவது எல்லாம் பெரும்பாலும் செய்யலாம். கட்டு போட்ட இடத்தை விட்டுவிட்டு மற்ற மூட்டுகளுக்கும் ஓய்வு கொடுத்துவிடுவது இன்னொரு தவறு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேகமாக, ஒரே மூச்சில்

பயிற்சி செய்கிறவர்களிலும் பலர் தவறாகச் செய்கிறார்கள். காலையில் ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் நூறு நூறு தடவை செய்து முடித்துவிட்டு மறுநாள் வரை படுத்துக்கொள்வார்கள். அன்றைக்குச் சாயந்தரம் கால் வீங்கும். “பாத்தியா, பயிற்சி செஞ்சதாலதான் வீங்குது” என்று மறுநாள் நிறுத்திவிடுவார்கள். நூறு தடவையை நாலு வேளைக்குப் பிரித்துச் செய்திருந்தால் வீங்கியிருக்காது.

மேலே சொன்ன குதிகால் சுருளோடு, முதல் சில வாரங்களுக்கு இந்த மூன்று பயிற்சி போதும்.

ஒன்று, தொடையை இறுக்குவது. காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே கைத்துண்டை மெல்லிய சுருளாக வைத்து, அதை நசுக்குவதுபோல முழங்காலைக் கீழே அழுத்துங்கள். முட்டிச் சில்லு மேல்பக்கமாக லேசாக ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் தசை வேலை செய்யவில்லை. இடுப்பைத் தூக்கி ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளைக்கு நான்கு வேளை. பயிற்சி முடிந்ததும் சுருளை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் முன்பு சொன்ன தலையணை வேலையைத்தான் அது செய்யும்.

இரண்டு, குதிகாலை இழுப்பது. மெத்தையில் குதிகால் உரசி நிற்கும், அதனால்தான் பலருக்கு வலிக்கிறது. வழவழப்பான ஒரு பலகையைப் போட்டு முகப்பவுடரைத் தூவி, காலுக்கு ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டால் குதிகால் வழுக்கிக்கொண்டு போகும். மெல்லப் பிட்டத்தை நோக்கி இழுங்கள்; இழுவிசை தெரிகிற இடத்தில் நிறுத்தி 5 எண்ணி, மெல்லத் திரும்ப நீட்டுங்கள். 10 தடவை, மூன்று வேளை. குதிகால் எதுவரை வந்தது என்று பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கோடு இரண்டு விரல்கடை நகர்ந்திருக்கும். அதைப் பார்க்கிறபோது வருகிற தெம்பு எந்த டானிக்கிலும் வராது.

மூன்று, பாதத்தை அசைப்பது. அதை மேலே சொல்லியாயிற்று.

காலை நீட்டியபடியே தூக்குகிற பயிற்சியை யாரும் தானாக ஆரம்பிக்கக் கூடாது. எல்லா மூட்டுவலிக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள், அதனால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கால் ஒரு நீண்ட நெம்புகோல். அதை நீட்டித் தூக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் விழுகிற விசை உடல் எடையையே தாண்டும். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தொடை எலும்பு முறிந்தவர்களுக்கு இதைப் பல டாக்டர்கள் தள்ளிவைப்பார்கள். முட்டிச் சில்லு முறிந்து கம்பி கட்டியவர்களுக்கும் எப்போது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. அனுமதி கிடைத்த பிறகு முழங்காலை மடங்காமல் நேராகப் பூட்டி, ஒரு சாண் உயரம் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்குவதில் கூடுதல் பலன் ஒன்றுமில்லை.

எந்தப் பயிற்சியிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு அது கெடுதல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போய்வரும்.

எவ்வளவு வலி வரலாம்

“வலிக்கிற வரைக்கும் செய்யக் கூடாது” என்பவரும் தவறு, “பல்லைக் கடிச்சுக்கிட்டு மடக்கணும்” என்பவரும் தவறு. வலியே இல்லாததைச் சுழியம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று நான்கு வரை போகலாம். முடித்து ஒரு மணி நேரத்துக்குள், கூடிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள், பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் கால் முந்தின நாளைவிட வீங்கியிருந்தாலோ இரவில் வலி தூங்கவிடாமல் செய்தாலோ அளவு கூடிவிட்டது. அப்போது பயிற்சியை நிறுத்தக் கூடாது. எண்ணிக்கையைப் பாதியாக்கி இரண்டு நாள் செய்துவிட்டு மறுபடி கூட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஒருவர் முழங்காலை வலுக்கட்டாயமாக மடக்குவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒட்டிக்கொண்ட திசு கிழிந்து உள்ளே இரத்தம் கசியும், அது மறுபடி இறுகும். எலும்பு பலமில்லாத வயதானவர்களுக்குப் புதிதாக இன்னொரு முறிவே வரலாம். பயந்துபோன தசை அடுத்த தடவை தொடுவதற்கு முன்னாலேயே இறுகிக்கொள்ளும்.

மாத்திரையில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. பலரும் வலி மாத்திரையைப் பயிற்சி முடிந்து வலி வந்த பிறகு போடுகிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி செய்தால் அதே மாத்திரை இன்னும் நன்றாக உதவும். எழுதிக்கொடுத்த நாள் முடிந்த பிறகும் மெடிக்கலில் போய் அதே அட்டையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது வேறு விஷயம். சிறுநீரகம், வயிற்றுப் புண், பிரஷர் மூன்றையும் அது பதம்பார்க்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவர்கள் கேட்காமல் எந்த வலி மாத்திரையும் போடக் கூடாது.

எண்ணெய், ஒத்தடம், அருவி

நம் பக்கம் எலும்பு என்றாலே எண்ணெய்தான் நினைவுக்கு வரும். காயம் நன்றாக ஆறிய பிறகு, முறிவுக்குத் தள்ளி, வறண்ட தோலில் மெல்லத் தடவிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன சில வாரங்களில் எண்ணெய் விட்டு மேலிருந்து கீழே அழுத்தி ‘உருவி’ விடுவது ஆபத்தானது. தையல் வாய் பிளக்கலாம், கிருமி உள்ளே போகலாம். கெண்டைக்காலில் இரத்தக் கட்டி இருந்தால் அந்த அழுத்தத்தில் அது பெயர்ந்து ஓடலாம். உள்ளே பிளேட் இருக்கிற காலுக்கு மேலே நாட்டுக் கட்டு இறுக்கிக் கட்டுவதால் எலும்புக்கு ஒரு நன்மையும் இல்லை. இரத்த ஓட்டம் குறைவதுதான் மிச்சம்.

முதல் வாரங்களில் வீக்கத்துக்குக் குளிர்ச்சிதான் நல்லது. ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு, அதை ஈரத்துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிஷம் வையுங்கள். தோலின் மேல் நேராக வைக்கக் கூடாது, கட்டையும் நனைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் வைத்தால் பலன் அதிகம். சூடு என்றால் காயம் ஆறி, வீக்கம் வடிந்த பிறகு, பயிற்சிக்கு முன்னால். இறுகிய தசை அதில் இளகிக்கொடுக்கும். தோல் மரத்துப்போன இடத்தில் சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம். மரத்த தோல் வெந்தாலும் தெரியாது.

ஃபிசியோதெரபி நிலையத்துக்குப் போனால் முதல் வார்த்தையாக “உள்ளே கம்பி இருக்கு” என்று சொல்லுங்கள். ஆழமாகச் சூடேற்றுகிற ஷார்ட்வேவ் மெஷினை உலோகம் வைத்த இடத்தில் வைக்கக் கூடாது. உலோகம் சூடாகி அதைச் சுற்றியுள்ள தசையை வெளியே தெரியாமல் வேகவைத்துவிடும்.

சாரல் சீசனில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: குற்றாலத்தில் ஒரு குளி போட்டால் கால் வலி போய்விடாதா? தையல் பிரித்து, தழும்பு முழுக்க மூடும் வரை அருவியும் வேண்டாம், தாமிரபரணியும் வேண்டாம். பொதுவாகத் தையல் பிரிப்பதே 10 முதல் 14 நாளில். அதற்குப் பிறகும், வாக்கர் பிடித்து நடக்கிற காலத்தில் பாசி பிடித்த பாறையும் படித்துறையும் எவ்வளவு பெரிய அபாயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது தடவை விழுந்து, கம்பி வளைந்து வருகிற காலை மறுபடி நிமிர்த்துவது முதல் ஆபரேஷனைவிடக் கடினம்.

வலி இல்லை, அதனால் ஊன்றலாம்?

ஊன்றலாமா என்பதை வலியை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உலோகம் எலும்பை இறுக்கிப் பிடித்திருப்பதால் மூன்றாவது வாரத்திலேயே வலி குறைந்துவிடும். எலும்பு கூடியிருக்காது. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இழுத்தால் அறுவதில்லை. ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி இருபது தடவை செய்தால் முறிந்துவிடும். பிளேட்டுக்கும் அதே கதிதான். எலும்பு கூடுவதற்கு முன் ஒவ்வோர் அடியும் ஒரு மடக்கல். கெண்டைக்கால் பெரிய எலும்பு கூடுவதற்கு நான்கைந்து மாதம்வரைகூட ஆகலாம். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் தாமதமாகும், சில பேருக்குக் கூடாமலே போகும். நிறுத்தச் சொல்லுவது சும்மா அறிவுரைக்காக அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளே நடந்தார் என்று நீங்களும் நடக்காதீர்கள். எலும்புக் குழாய்க்குள் ராடு போட்டவருக்கு எடையை ராடும் எலும்பும் பங்கிட்டுக்கொள்வதால் சீக்கிரம் ஊன்றவிடுவார்கள். முழங்கால் மூட்டுக்குள்ளேயே முறிவு போய் பிளேட் வைத்தவருக்கு 6 வாரம், சிலருக்கு 12 வாரம்கூடத் தடை இருக்கும். இடுப்பில் முறிந்த வயதானவர்களை மறுநாளே எழுப்பி நடக்கச் சொல்லுவார்கள்; அவர்களைப் படுக்க வைப்பதுதான் தவறு, நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் வந்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஊன்றவே கூடாதா, விரல் நுனி மட்டும் தொடலாமா, பாதி எடையா, முழு எடையா, எந்தத் தேதி வரை?

விரல் நுனி தொடுவது என்றால், பாதத்துக்கு அடியில் ஒரு பொரித்த அப்பளம் இருப்பதாகவும் அது நொறுங்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டு நடப்பது. பாதி எடை என்றால் எவ்வளவு என்பதை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எடை பார்க்கிற மெஷின் ஒன்றைத் தரையில் வையுங்கள். அதே உயரத்துக்கு ஒரு பலகையை நல்ல காலுக்கு அடியில் போடுங்கள். இல்லையென்றால் உடம்பு சாய்ந்து கணக்குத் தப்பும். வாக்கரைப் பிடித்தபடி ஆபரேஷன் ஆன காலை மெஷினில் வைத்து மெல்ல அழுத்துங்கள். 60 கிலோ ஆளுக்குப் பாதி என்றால் முள் 30-ஐத் தாண்டக் கூடாது, கால்வாசி என்றால் 15. தினமும் பத்துத் தடவை இப்படிச் செய்தால் மெஷின் இல்லாதபோதும் கால் அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும்.

வாக்கர், படி, வாசல் நடை

வாக்கர் உயரம் சரியில்லாமல் தோளும் முதுகும் வலிக்க, அதையும் கால் வலிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் ஆன கால், பிறகு நல்ல கால். வாக்கரை ஒரு முழத்துக்கு மேல் தள்ளி வைக்காதீர்கள். அக்குள் கட்டை என்றால் அக்குளில் தொங்கக் கூடாது. அக்குளுக்கும் கட்டைக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போகிற இடம் வேண்டும், எடை முழுதும் உள்ளங்கையில்தான். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். ஒற்றைக் கம்புக்கு மாறும்போது கம்பை நோவு உள்ள பக்கத்துக் கையில் பிடிப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

நம் பழைய வளவு வீடுகளில் தார்சாவிலிருந்து (முன் திண்ணைப் பகுதி) பட்டாசலுக்கு (கூடம்) ஒரு படி, அடுக்களைக்கு ஒரு படி, கழிப்பறையோ புறவாசலில். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது வாக்கரோ கம்போ கீழே போய், ஆபரேஷன் ஆன கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். ஊன்றக் கூடாத காலத்தில் படியே வேண்டாம். கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கமாக மாற்றிவிடுங்கள், அல்லது கமோடு சேர் வாங்கிவிடுங்கள். காலையில் வாசல் தெளித்த ஈரம் காய்கிற வரை அந்தப் பக்கம் போகக் கூடாது. வாக்கர் காலிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், விலை கொஞ்சம்தான்.

காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததும் பாதம் நீலம் பாரித்தாற்போல ஆவதைப் பார்த்துப் பயந்து படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் மாதங்களில் இது சகஜம். உயர்த்தி வைத்த கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் தொங்கப்போடாமல் 15, 20 நிமிஷமாகப் பிரித்து உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆள் இல்லையே என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஃபிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

பயிற்சியை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரம்

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் திடீரென வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும், தேய்த்துவிடக் கூடாது. அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108. ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் கால் கல்லுபோல இறுகி, மாத்திரைக்கும் அடங்காத வலி ஏறிக்கொண்டே போய், விரலை லேசாக நிமிர்த்தினாலே அலறும்படி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தையலில் சீழ், நாற்றம், காய்ச்சல். பாதத்தைத் தூக்கவே முடியாமல் போவது. ‘டக்’ என்று சத்தம் கேட்டுக் காலின் கோணம் மாறுவது. இவற்றுக்கெல்லாம் வீட்டு வைத்தியம் கிடையாது.

இன்னொன்று மெல்ல வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. காயம் ஆறிய பிறகும் பாதம் எரிந்துகொண்டே இருக்கும், போர்வை பட்டால்கூடத் தாங்காது, தோல் பளபளத்து வேர்க்கும், நிறம் மாறும். காலைத் துணியில் பொதிந்து யாரும் தொடாமல் வைத்தால் இது கூடும். டாக்டரிடம் காட்டுவதோடு, தினமும் சில நிமிஷம் முதலில் பஞ்சு, பிறகு பழைய வேட்டித் துணி, பிறகு துண்டு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பழக்க வேண்டும்.

தரையில் உட்காருவது

திருநெல்வேலிச் சீமையில் இது தனிக் கேள்வி. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தால்தான் பல பெண்களுக்கு வாரக் கூலி. அரிவாள்மணை தரையில், சாப்பாடு தரையில், கழிப்பறையில் குத்தவைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார முழங்கால் 90 டிகிரி மடங்கினால் போதும். குத்தவைக்க 120-க்கு மேல் வேண்டும். 90 வந்த உடனே தரையில் உட்காரப் பார்ப்பதுதான் தவறு. மடங்காத மீதி 30 டிகிரியை உடல் எடை அழுத்தித் திறக்கப்பார்க்கும். முழங்கால் அன்றிரவே வீங்கும்.

இடுப்பு முறிந்து பந்துக்கிண்ண மூட்டில் செயற்கைப் பந்து வைத்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. சம்மணம், குத்தவைத்தல், கால்மேல் கால், தாழ்ந்த இருக்கை எதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது. பந்து கழன்றுவிடலாம்.

மற்றவர்கள் எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்ன பிறகு படிப்படியாக இறங்கலாம். முதலில் முக்காலி உயரம், இரண்டு வாரம். அடுத்து மணைப்பலகையை இரண்டு மூன்று அடுக்கிய உயரம். கடைசியில் தரை. இறங்கும்போது உறுதியான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மடக்கி அந்த முழங்காலை முதலில் தரையில் ஊன்றி, கையை ஊன்றிப் பக்கவாட்டில் உட்காருங்கள். எழும்போது மண்டியிட்டு, நல்ல பாதத்தை முன்னால் வைத்து, நாற்காலியை அழுத்தி எழுங்கள். பீடி சுற்றுகிறவர்கள் அதுவரை தட்டை மேசையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றலாம். முதல் வாரம் கை ஓடாது, பிறகு பழகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி, பாதத்தை இருபது தடவை அசைத்துவிட்டு அடுத்த இலையை எடுங்கள்.